காய விடாத சுவர்

"இடிச்சா குப்பை விழணும். இங்க குப்பை எங்க?"

கூடத்தின் தரையைச் சுற்றிப் பார்த்தபடி கேட்டார் கரணை. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று பத்து.

"யோவ், மூணு மணிக்கு அந்தக் கொத்தனாரைக் கோர்ட்டுல நிறுத்தணும். நீ என்னடான்னா குப்பை தேடிக்கிட்டு நிக்கிற."

"வீட்டுல விளக்குமாறு இவர் கையிலதான் சார். பழக்கம் விடுமா?" என்றாள் அவருடைய தொழில் கூட்டாளி பட்டாசு.

கரணை துப்பறிய வருமுன் இருபத்தாறு வயதுவரை கட்டட வேலை பார்த்தவர். முதலில் சாந்துச் சட்டி, அப்புறம் பூச்சு. சுண்ணாம்பு வெந்த தழும்பு முழங்கைவரை இன்றும் இருக்கிறது. பூசுகிற கரணையைக் கீழே போட்டு இருபது வருஷம் ஆகியும் பெயர் அவரை விடவில்லை. பட்டாசு பதினாலு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள். டிக்கெட் எடுக்க மறுத்த மேலதிகாரியைப் பாதி வழியில் இறக்கிவிட்டதில் வேலை போனது, வாய் போகவில்லை. துப்பறியும் அலுவலகமென்று இருவருக்கும் சேர்த்து ஒரு மாடியறை, ஒரு மேஜை, ஆட்டம் கண்ட ஒரு மின்விசிறி.

அந்த அறைக்குக் காலை எட்டரைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தவள், இப்போது கூடத்தின் வாசலில் கைப்பையை நெஞ்சோடு அணைத்து நிற்கிறாள். கொத்தனாரின் மனைவி.

"வாயே திறக்க மாட்டேங்கிறாருண்ணே. செஞ்சேன்னும் சொல்லல, செய்யலேன்னும் சொல்லல. இப்படியே இருந்தா உள்ள தூக்கிப் போட்டுருவாங்கன்னு கெஞ்சிப் பார்த்துட்டேன். சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

அவர் செய்ததாகச் சொல்லப்படுவது எதிர்ச் சுவரில் தெரிந்தது.

ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தில் எல்லா மதத்தாருக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனைக் கூடம். மாலை ஐந்துக்குத் திறப்பு. ஒரு சுவர் முழுக்க ஒரே ஓவியம். தாமரை மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகில் தேவதைச் சிறகு. பாதத்தடியில் பிறை. ஒரு கையில் எட்டு ஆரச் சக்கரம், மறு கையில் ஏழு கிளை விளக்கு. ஆடை முழுக்க மசூதி ஓடுகளில் வருகிற எட்டு முனை நட்சத்திரக் கோலம். பின்னால் சிலுவையாய்க் கிளை விரித்த ஒரு மரம். தலைக்குப் பின்னால் கனத்த விளிம்பு வைத்த ஒளிவட்டம். அந்த வட்டத்துக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு இருண்ட பள்ளம்.

"எல்லா சாமியையும் ஒரே பஸ்ஸுல ஏத்திட்டாரு," என்று பட்டாசு முணுமுணுத்தாள். "ஓவர்லோடு. எவனாவது புகார் பண்ணத்தான் செய்வான்."

பண்ணியிருந்தார்கள். இரண்டு வாரத்தில் நாலு மொட்டைக் கடிதம். 'கலப்படத்தை நீங்கள் அழிக்காவிட்டால் நாங்கள் அழிப்போம்.' இன்று காலை ஆறு மணிக்குக் காவலாளி கூடத்துக்குள் எட்டிப் பார்த்தபோது முகத்தைக் காணோம். பள்ளத்துக்கு எதிரில் வெறும் சட்டியோடு கொத்தனார் நின்றிருந்தார். செய்தி பரவி, இப்போது கேட்டுக்கு வெளியே மூன்று கூட்டம், மூன்று பக்கம். 'உன் ஆள்தான் செய்தான்' என்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு. ஒரு கல் விழுந்தால் போதும்.

"கொத்தனார் பக்திமான்," என்றார் இன்ஸ்பெக்டர். "வேலை நேரத்துலயே முணுமுணுன்னு ஜெபிப்பாராம். காரணம் கிடைச்சாச்சு. ஆளும் கிடைச்சாச்சு."

"பக்தியில இடிச்சவன் பிறையையோ சிலுவையையோ சக்கரத்தையோ ஏன் சார் தொடல? எந்த மதத்துக்காரனுக்கும் பிடிக்காதது ஒண்ணாவது இதுல இருக்குமே. கோவக்காரன் கைக்கு எட்டினதை உடைப்பான். இவன் ஏணி போட்டு ஏறி முகத்தை மட்டும் எடுத்திருக்கான்," என்றார் கரணை.

அந்த ஏணியிலேயே ஏறினார். பள்ளத்தின் ஓரத்தை விரலால் வருடினார். விரல் நின்றது.

இந்த வகை ஓவியம் ஈரச் சாந்தின் மேல் வரைவது. ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் கொத்தனார் காலையில் மெல்லிய சாந்து பூசுவார். அது இறுகுவதற்குள் ஓவியர் வரைந்துவிட வேண்டும். அப்புறம் வண்ணம் சுவரோடு சுவராகிவிடும், துடைத்தாலும் போகாது. பிடிக்கவில்லை என்றால் அந்த நாள் துண்டையே வெட்டியெடுத்துவிட்டு, அடிப்பூச்சை நனைத்து, புதுச் சாந்து பூசி, மறுபடி வரைய வேண்டியதுதான்.

ஓரம் செங்குத்தாக இல்லை. சுற்றிலும் ஒரே சாய்வாகச் சீவியிருந்தது. புதுச் சாந்து ஏறிப் பிடிக்க வேண்டுமென்றால் அப்படித்தான் சீவ வேண்டும். பள்ளத்துக்குள் அடிப்பூச்சு கறுத்து, கைக்குச் சில்லென்று இருந்தது. யாரோ நன்றாகத் தண்ணீர் அடித்திருக்கிறார்கள்.

கீழே இறங்கியபோது கரணையின் முகம் சரியில்லை.

"என்னண்ணே?" பட்டாசு குரலைத் தாழ்த்தினாள்.

"இது இடிச்சவன் வேலை இல்ல. மறுபடி பூசணும்னு நினைச்சவன் வேலை. தொழில் தெரிஞ்ச கை."

"நல்லா இருக்கே! அந்த அம்மா புருஷனைக் காப்பாத்தச் சொல்லிக் கூட்டிட்டு வந்தா, நீங்க கயிறு திரிச்சுக் கொடுக்கிறீங்க."

அப்போது ஓவியர் வந்தார். ஐம்பது வயது, சிவந்த கண், நகத்திலெல்லாம் வண்ணம். கையில் வாளியும் அகலத் தூரிகையும். யாரிடமும் பேசாமல் ஏணியில் ஏறிப் பள்ளத்தில் தண்ணீரை வாரி அடித்தார்.

"தடயம் அது," என்றார் இன்ஸ்பெக்டர், பாதி மனசோடு.

"காய்ஞ்சா சுத்தி இருக்கிறதும் வெடிச்சிடும் சார். முகம்தான் போச்சு. மிச்சத்தையாவது காப்பாத்த விடுங்க." குரல் உடைந்திருந்தது. "எட்டு மாச உழைப்பு."

கொத்தனாரின் மனைவி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். ஓவியர் அவள் பக்கம் திரும்பாமலே வெளியேறினார்.

கரணை காவலாளியைப் பிடித்தார். கொத்தனார் ஐந்தே முக்காலுக்கு வந்தாராம். ஆறுக்குப் பிடிபட்டாராம். இடையில் முன்வாசல் வழியே யாரும் போகவில்லை. பின்கதவுக்குப் பூட்டே இல்லை.

"கால் மணி நேரம். முகத்தை வெட்டின குப்பை இந்தக் கட்டடத்தைத் தாண்டியிருக்காது. வா பட்டாசு."

பின்கட்டில் வேலை முடிந்த மிச்சங்கள் கிடந்தன. உடைந்த பலகை, சுண்ணாம்பு டிரம், சலித்த மணல் ஒரு குவியல். கரணை குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"மணல் குவியலைப் பார்த்திருக்கியா? எப்படி இருக்கும்?"

"பூனைக்குப் பிடிச்ச மாதிரி இருக்கும்."

"கலைஞ்சு கிடக்கும். இதுல ஒரு பக்கத்தைப் பாரு."

ஒரு பக்கம் பாய் விரித்தாற்போல் சமமாக, வழவழவென்று இருந்தது. மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு, கை சும்மா இருக்காமல் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டிருக்கிறது. முப்பது வருஷம் பூசின கொத்தனார் கைக்கு மேடு பள்ளத்தை அப்படியே விட்டுப் போகத் தெரியாது.

கரணை முட்டி போட்டு மணலை உள்ளங்கையால் விலக்கினார். ஒரு கண் தெரிந்தது.

பட்டாசும் பக்கத்தில் முட்டி போட்டாள்.

பதினேழு துண்டு. ஒவ்வொன்றும் வண்ணப் பக்கம் மேலே பார்க்க, ஒன்றோடொன்று உரசாமல், நடுவில் மணல் வைத்துப் படுக்கவைத்திருந்தது. கரணை அவற்றைப் பலகையில் வரிசைப்படுத்தினார். கறுத்த நெற்றி. வெயிலுக்குச் சுருங்கிய கண். காய்ந்த உதடு. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, தலையில் பாரம் ஏற்றியவளுக்குப் புடைக்கிற மாதிரி.

பின்னாலேயே வந்துவிட்ட கொத்தனாரின் மனைவி கைப்பையை நழுவவிட்டாள்.

"இது... இது எங்க நாத்தனார்ண்ணே."

"யாரு?"

"அவரோட தங்கச்சி. அவருக்குச் சித்தாளா இங்கதான் சட்டி தூக்கினா. இதே கட்டடத்துல மூணாவது மாடிச் சாரத்துலேர்ந்து விழுந்துட்டா. எட்டு மாசமாச்சு." அவள் துண்டுகளைத் தொடாமல் அவற்றின் மேல் கையை நீட்டியபடியே இருந்தாள். "சட்டி தலையில இருக்கும்போது இப்படித்தான் பார்ப்பா. அந்த வட்டம்... அது அவ சட்டிதான். இன்னைக்கு முன்னாடி நான் அந்தக் கூடத்துக்கு வந்ததே இல்ல. ஐஞ்சு மணிக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வா, ஒண்ணு காட்டணும்னு மட்டும் நேத்துச் சொன்னார்."

"பாப்பா?"

"அவ பொண்ணு. எங்ககிட்டதான் வளருது. வீட்டுல அவ போட்டோ ஒண்ணுகூட இல்லண்ணே. அம்மா எப்படி இருப்பான்னு கேட்குது."

"விழுந்ததுக்கு ஆஸ்பத்திரி என்ன சொல்லிச்சு?"

"இங்க வேலையே செய்யலேன்னு சொல்லிட்டாங்க. வேடிக்கை பார்க்கச் சாரத்துல ஏறினாளாம்."

இன்ஸ்பெக்டர் வந்து பலகையைப் பார்த்தார். அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"அவ்வளவுதான். ஆஸ்பத்திரி மேல பகை. தங்கச்சி முகத்தைத் தானே பேர்த்து ஒளிச்சு வச்சிருக்கார். நன்றிய்யா கரணை. நான் தேடினாலும் கிடைச்சிருக்காது."

கொத்தனாரின் மனைவி கரணையைப் பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. காப்பாற்ற வந்தவர் கைதியின் கைரேகையோடு திரும்புகிறார். மணி ஒன்று.

துண்டுகளோடு பலகையைக் கூடத்துக்குத் தூக்கி வந்ததும் கரணை பெஞ்சில் உட்கார்ந்து சுவரையே பார்த்தார். எடுத்து வைத்துக்கொள்ளப் பேர்க்கிறவன் ஒரு துண்டுகூட நசுங்காமல்தான் பேர்ப்பான். ஆனால் துண்டுகளின் விளிம்பெல்லாம் நொறுங்கியிருந்தது. உளியில் அடித்துத் தரையில் விழவிட்ட நொறுங்கல். விழவிட்டது ஒரு கை. பொறுக்கியது வேறு கை.

கதவு திறந்தது. வாளியோடு ஓவியர்.

"எத்தனாவது தடவைண்ணே இது?" பட்டாசு கிசுகிசுத்தாள். "நாம வெளிய இருந்தப்ப ரெண்டு தடவை அடிச்சாராம், காவலாளி சொன்னான். கைக்குழந்தைக்குக்கூட இப்படி மணிக்கொரு தடவை பால் கொடுக்க மாட்டாங்க."

கரணை எழுந்து ஏணிக்கு முன்னால் போய் நின்றார்.

"இந்த முகம் எப்ப வரைஞ்சீங்க?"

"மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரம் காய்ஞ்ச சாந்து இனி எதுக்கு வெடிக்குது? பூசின மறுநாள்னா தண்ணி கேட்கும். இது இப்பக் கல்லு."

"உங்களுக்குத் தெரியாது..."

"இந்தக் கை சுண்ணாம்புல வெந்த கை. எனக்குத் தெரியும். ஈரச் சுவர் கறுப்பா இருக்கும், காய்ஞ்சா வெளுக்கும். வெளுக்கக் கூடாதுன்னு ஏன் பார்க்கிறீங்க?" கரணை திரும்பினார். "பட்டாசு, அந்தப் பெரிய ஃபேனை இழுத்துட்டு வா. ஜன்னலையெல்லாம் திற."

"சுவருக்கு வேர்க்குதாண்ணே?"

"ஆமா. ரொம்ப."

ஃபேன் சுழன்றது. ஓவியர் வாளியைக் கீழே வைக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். வெளிக்காற்று சூடாக அடித்தது. அரை மணி நேரத்தில் பள்ளத்தின் மேல்விளிம்பு சாம்பலானது. அப்புறம் நடுப்பகுதி. முதலில் வெடிப்பு போலத்தான் தெரிந்தது. பிறகு அது வளைந்து ஒரு காதானது. ஒரு கொண்டை. மடிப்பு விழுந்த இரட்டை நாடி.

கரிக்கோடு. வெட்டி முடித்த கையோடு அடிப்பூச்சில் அடுத்த முகத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். அப்புறம்தான் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். ஈரக் கறுப்பில் கரி காணாமல் போயிருக்கிறது.

"கொத்தனாருக்கு வெட்டத் தெரியும், நனைக்கத் தெரியும்," என்றார் கரணை. "ஆள் முகம் வரையத் தெரியுமா சார்?"

பட்டாசு தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இந்த அம்மாவை எனக்குத் தெரியுமே! வரவேற்பறையில ஆளுயரப் படத்துல இருக்காங்க. உள்ள வரும்போதே என்னை முறைச்சாங்க. ஆஸ்பத்திரி நிர்வாகியோட அம்மான்னு கீழ எழுதியிருந்துச்சு!"

நிர்வாகியை இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவர் வருமுன்பே ஓவியர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்துச் சாயங்காலம்தான் நிர்வாகி சொன்னார். யாரோ காவலாளி சொல்லித் தெரிஞ்சுதாம், அது யாரோட முகம்னு. கூலிக்காரி முகத்தைக் கும்பிட வைக்கிறீங்களான்னு கேட்டார். தன் அம்மா முகமா மாத்தலேன்னா முழுச் சுவருக்கும் வெள்ளை அடிச்சிடுவேன்னார்." அவர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எத்தனையோ ஊர்க் கோயில், மாதாகோயில், மடாலயம்னு அலைஞ்சு படிச்சு வரைஞ்சேன். எல்லாத்தையும் ஒண்ணா நிறுத்த ஒரு முகம் கிடைக்கல. அந்தப் பொண்ணு சட்டியோட திரும்பிப் பார்த்தா. கிடைச்சிடுச்சு. அப்பவே காகிதத்துல வரைஞ்சு வச்சுக்கிட்டேன், அப்புறம்தான் அவ விழுந்தா. மிச்சமாவது தப்பட்டும்னு அவளை வெட்டினேன். விடியக்காலை. கொத்தனார் வந்ததும் பூசச் சொல்லி மாலைக்குள்ள முடிச்சிடலாம்னு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தா கூட்டம். தாக்குதல்னு நிர்வாகி பத்திரிகைக்காரங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கார்."

"நீங்க வாயை மூடிக்கிட்டீங்க."

"ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். அதுக்கப்புறம் சொல்ல முடியல."

"கலையை வெறியர்கள் தாக்கினாங்கன்னா கௌரவம்," என்றாள் பட்டாசு. அவள் குரலில் கேலி இல்லை. "நானே பயந்து வெட்டினேன்னா அசிங்கம். அதுக்கு ஒரு ஆள் ஜெயிலுக்குப் போகணும்."

நிர்வாகி வந்தார். சுவரில் தன் அம்மாவின் கரிக்கோட்டைப் பார்த்தார். உடனே இன்ஸ்பெக்டரின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். திரும்பியபோது இருவரும் ஒரு முடிவோடு வந்தார்கள். தவறான புரிதல். புகார் வாபஸ். மொட்டைக் கடிதத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். கேட்டில் நிற்பவர்களிடம் ஓவியரே போய், சாந்து தானாக உதிர்ந்ததென்று சொல்லிவிடுவார்.

கொத்தனாரை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒல்லி உடம்பு, சட்டையெல்லாம் சுண்ணாம்பு. பலகையில் இருந்த துண்டுகளைப் பார்த்ததும் நேரே அதன் முன்னால் போய் நின்றார்.

"எடுத்துட்டீங்களா?" என்றார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

"பத்திரமா இருக்கு," என்றார் கரணை. "இதுக்காகவா பேசாம இருந்தே?"

"சொன்னா மிச்சத்தையும் பொடி பண்ணிடுவாங்கண்ணே."

மனைவி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் கதவைக் காட்டினார். "எல்லாம் முடிஞ்சுதுய்யா. புகாரை வாபஸ் வாங்கிட்டாங்க. துண்டுகளையும் எடுத்துக்கோ. வீட்டுக்குப் போ."

கொத்தனார் அசையவில்லை.

"கேஸ் என்ன ஆகும் சார்?"

"கேஸே இல்லய்யா. அதைத்தானே சொல்றேன்."

"அப்ப என்னை விடாதீங்க."

"என்னது?"

"எட்டு மாசமா எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினேன் தெரியுமா? அப்படி ஒருத்தி வேலை செய்யவே இல்லேன்னு ஒவ்வொரு இடத்திலயும் சொல்லி அனுப்பிட்டாங்க. அவ பேர் எந்தக் காகிதத்திலயும் இல்ல." கொத்தனார் குரலை உயர்த்தவில்லை. "கேஸ் நடந்தா யார் முகம் அதுன்னு எழுதணும். ஏன் வெட்டினாங்கன்னு எழுதணும். எங்க செத்தாள்னு எழுதணும். வீட்டுக்குப் போனா ஒண்ணும் இல்ல. கோர்ட்டுக்கே போறேன் சார். மணி ரெண்டேகால்தானே ஆகுது."

நிர்வாகி சிரிக்க முயன்றார். "உணர்ச்சிவசப்படுறார். கூட்டிட்டுப் போம்மா உன் புருஷனை. அதுக்குத்தானே இவ்வளவு தூரம் அலைஞ்சே."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காலையிலிருந்து அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று, புருஷன் வீட்டுக்கு வர வேண்டும். அது இப்போது கைக்கெட்டும் தூரத்தில், திறந்த கதவாக நின்றது. அவள் அந்தக் கதவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அப்புறம் பெஞ்சில் அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"உட்காருங்க," என்றாள் அவரிடம். "நின்னா கால் வலிக்கும். எழுத நேரமாகும்."

கரணை இன்ஸ்பெக்டரிடம் போனார். "பொய்ப் புகார்னு எழுதலாம் சார். அவரைக் குற்றவாளியா எழுதணும்னு இல்ல. வாக்குமூலம் வாங்கலாம். இல்ல, மடிச்சுப் பையில வச்சுட்டும் போகலாம். உங்க கைதான்."

இன்ஸ்பெக்டர் நிர்வாகியைப் பார்த்தார். பலகையில் இருந்த பதினேழு துண்டைப் பார்த்தார்.  

இன்ஸ்பெக்டர் எதிர்ப் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொடையில் அட்டையை வைத்து, வெள்ளைத் தாளைச் செருகி, பேனா மூடியைக் கழற்றினார்.

"இறந்தவங்க பேரு?"

கொத்தனார் சொன்னார். இன்ஸ்பெக்டர் இன்னொரு தரம் கேட்டு, நிறுத்தி எழுதினார்.

"என்ன வேலை?"

"சித்தாள்."

"எங்க?"

"இன்ஸ்பெக்டர், கொஞ்சம் யோசிச்சு..." என்று நிர்வாகி முன்னால் வந்தார்.

பேனா தாளின் மேல் நின்றது. கொத்தனாரின் மனைவி குனிந்து, தன் காலடித் தரையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

"இங்க," என்றாள்.